குழாயில் மாட்டிய சீல்கள்

மூன்றாவது முறையாகவும் பம்பு ஒழுகிவிட்டது. சுழலும் தண்டைக் கவ்வி எண்ணெயை உள்ளேயே நிறுத்த வேண்டிய ரப்பர் சீல் அவள் வடிவமைத்தது. அதன் உள்விளிம்பான உதடு தண்டை எவ்வளவு அழுத்தும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் போட்டு அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. திரையில் ஒரு குறையும் இல்லை. தரையில்தான் எண்ணெய்.

மேனேஜர் உட்காரக்கூட இல்லை. "உன் கம்ப்யூட்டர்ல ஒரு சொட்டு ஒழுகல. இங்க என் செருப்பு வழுக்குது. சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லும்மா. இல்லன்னா இந்த வேலையை வெளியில குடுத்துட்டு உன்னைப் பழையபடி ஸ்டோருக்கே அனுப்பிடுவேன்."

ஸ்டோரில் ஆறு வருஷம் பெட்டி எண்ணியவள் அவள். மறுபடி அங்கே போக அவளுக்கு மனமில்லை. ஆனால் அதே கணக்கை நாலாவது தடவை போடவும் தெம்பில்லை. எழுந்து, பம்பு பாகங்களைப் பூட்டும் இடத்துக்கு இறங்கிப் போனாள்.

அங்கே பூட்டுகிறவர் அவள் புருஷன். எதையும் முதல் நாளே முடித்துவைக்கிறவர் என்பதால் அவருக்கு 'அட்வான்ஸ்' என்றே பேர்.

"என்ன மேடம், மாடியிலேருந்து தரிசனம்?"

"கிண்டல் பண்ணாதீங்க, தலை வெடிக்குது. ஒரு சீலை மாட்டிக் காட்டுங்க."

மேசையோரம் நின்ற இரும்புக் குழாயில் வளையல் மாதிரி இருபது சீல்கள். மேலே இருந்ததை உருவித் தண்டில் தள்ளினார். சிரமமே இல்லாமல் போய் உட்கார்ந்தது.

"இதைக் குழாயில எப்ப மாட்டினீங்க?"

"நேத்து சாயங்காலம். எப்பவும் அப்படித்தான். விரிஞ்சே கெடந்தா காலையில சுளுவா ஏறும்ல?"

அவள் அளந்து பார்த்தாள். தண்டு நாற்பது மில்லிமீட்டர், குழாய் நாற்பத்திரண்டு. பெட்டியிலிருந்த புது சீலின் வாய் முப்பத்தெட்டரை. குழாயிலிருந்து உருவியதோ முப்பத்தொன்பதரை. ஒரு மில்லிமீட்டர் தளர்ந்திருந்தது.

மாடிக்கு வந்து, தளர்ந்த அளவைப் போட்டுக் கணக்கை ஓட்டினாள். அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கியது. தண்டு லேசாக ஆடும்போதெல்லாம் உதடு விலகியது. கண்டுபிடித்துவிட்டோம் என்று சிரிக்கக்கூட வரவில்லை. தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

ஷிப்ட் முடிந்து அவர் மேலே வந்தார். மேனேஜர் காரணம் கேட்டது கீழேயும் தெரிந்திருந்தது.

"என் பேரை எழுதிட்டியா?"

"பேரு எழுதல. குழாயைத்தான் எழுதியிருக்கேன்."

"அது யாரு குழாய்னு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியுமேடி."

"தெரியும்."

"எழுதலைன்னா?"

"நான் ஸ்டோருக்குப் போகணும்."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, திரையில் ஒவ்வொரு வரியாகப் படித்தார். வெகுநேரம் ஆயிற்று.

"இதென்ன, பன்னெண்டு மணி நேரம்னு போட்டிருக்க? நான் நாலு மணிக்கே மாட்டிடுவேன். காலையில எட்டுக்குத்தான் எடுக்க ஆரம்பிப்பேன். பதினாறுன்னு போடு."

அவள் திருத்தி, அனுப்பினாள்.

"இன்னைக்கும் மாட்டியாச்சு," என்று முனகியபடி எழுந்தார். நாளைக்கென்று அடுக்கியிருந்த இருபதையும் உருவிப்போட, படியிறங்கிப் போனார்.