தண்ணீர் துப்பாத மோட்டார்

புயல் கயிறறுத்துவிட்டதில் மிதந்துபோகும் தங்கள் கடல்பாசிப் பண்ணையைத் துரத்தி, வான்டோ தீவிலிருந்து மல்ரேயும் கணவன் தொக்சுவும் படகில் வந்துகொண்டிருந்தபோது மோட்டார் சூடேறி அலறியது. தொக்சு அதை அணைத்தான். மோட்டாரைக் குளிர்வித்த தண்ணீர் வெளியே பீய்ச்ச வேண்டிய துளையைக் கம்பியால் குத்தினான். அடியில் சிக்கியிருந்த பாசியையும் பிடுங்கினான். மறுபடி ஓட்டியும் ஆவிதான் வந்தது.

"பம்புக்குள்ள ரப்பர் விசிறி போயிருச்சு."

"வேற இல்லையா?"

"இருந்ததப் போன மாசமே போட்டுட்டேன்."

"சூடானா ஆகட்டும், ஓட்டுங்க! வருஷப் பாசி மொத்தமும் போகுது."

"ஓட்டினா மோட்டாரும் போயிரும்டி."

மல்ரே துடுப்பை எடுத்து மூச்சிரைக்க வலித்தாள். பண்ணையின் மிதவைகள் விலகிக்கொண்டே போய்ப் புள்ளிகளாயின. தொக்சு அவள் கையைப் பிடித்தான்.

"விடு. கரைக்குப் போகவாவது தெம்பு வேணும்."

அவள் அழவில்லை. படகைத் திருப்பினாள்.