கருப்பண்ணன் மலைமேல் போட்ட லைட்டு

மாரப்பனுக்கு அந்த வெளிச்சத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. பொழுது இறங்கியதும் சாமந்திக் காட்டு லைட்டைப் போட்டுவிட்டு, ஒரு சுற்று வந்து, வாசலில் கால் கழுவும் நேரத்துக்கு வத்தல்மலை முகட்டை ஒட்டி அது நிற்கும். மின்னாது, அசையாது, நின்று எரியும். அதுவரை வாசல் வேம்பு மறைத்திருக்கும். பக்கத்துக் காட்டுக் கருப்பண்ணன் மலைமேல் குத்தகைக்கு நிலம் பிடித்திருக்கிறான் என்று கடத்தூர் டீக்கடையில் ஒரு பேச்சு அடிபட்டது. அவன்தான் அங்கேயும் சாமந்தி நட்டு, கம்பம் போட்டுப் பெரிய பல்பாக மாட்டியிருக்கிறான் என்று மாரப்பன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

தைப் பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் செடி முன்னாலேயே மொட்டு வைக்கக் கூடாது. அதற்காகத்தான் பாத்திக்கு மேலே வரிசையாகப் பல்பு எரியவிட்டு, இன்னும் பகல்தான் என்று செடியை நம்பவைப்பது. ஒரு நாள் அணைந்தாலும் எல்லாம் போச்சு என்பது மாரப்பனின் கட்சி. கருப்பண்ணனோ மலைமேல் லைட்டைச் சோறு தின்னும் நேரத்துக்கெல்லாம் அணைத்துவிடுகிறான். "கஞ்சப்பய. கரண்டு மிச்சம் புடிக்கறான். மொட்டு வெச்சிகிட்டு நிக்கட்டும்" என்று மனைவி சசிகலாவிடம் தினமும் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

வீட்டில் சந்தோஷப்பட அவருக்கு வேறு எதுவும் இல்லை. மகள் அன்பரசியைத் தன் அக்கா மகனுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவளோ மேற்கொண்டு படிக்கிறேன் என்று சேலத்துக்குப் போய் விடுதியில் சேர்ந்துவிட்டாள். ஆடியில் போனவளோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் போன் வந்தால் சசிகலா அடுப்படிக்குப் போய்விடுவாள். மாரப்பன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, டிவி பார்க்கிற மாதிரியே உட்கார்ந்திருப்பார். மகள் சாப்பிட்டாளா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்கத்தான் வாய் வராது. அப்படியொரு வீம்பு.

அன்றைக்கு அவர் காட்டில் சுவிட்சைப் போட்ட சற்று நேரத்தில் சசிகலா வரப்பு மேலேயே வந்தாள். கையில் போன், ஸ்பீக்கரில் இருந்தது.

"லைட்ட கொஞ்சம் அணைங்க."

"எதுக்கு?"

"மேக்கால வெள்ளி நிக்குதாம். இந்த வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. புள்ள அங்க மாடியில நின்னு பாக்குது. நானும் அதையே பாக்கணும்."

வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பார். போனில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. மகள் காத்துக்கொண்டிருந்தாள். மாரப்பன் சுவிட்சை அணைத்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மலையின் கோடு தெரிந்தது. அதற்கு வெகு மேலே, எந்தக் கம்பமும் எட்டாத உயரத்தில், அது நின்றது. தினமும் வாசலில் நின்று அவர் திட்டிய அதே வெளிச்சம். மாரப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடேயப்பா, என்ன வெண்மை. அதைச் சுற்றியிருந்த ஆகாயமே கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. இதைப் போய்க் கருப்பண்ணனுக்கு எழுதிக் கொடுத்தோமே என்று நினைத்தார்.

"கருப்பண்ணன் லைட்டுதானே இது?" என்று சசிகலா மெதுவாகக் கேட்டாள்.

"வாய மூடு" என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது.

அம்மாவும் மகளும் பேசிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளி இறங்கிக்கொண்டே வந்தது. மாரப்பன் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நிற்காதா என்று இருந்தது அவருக்கு. அது முகட்டைத் தொட்டபோது, தன்னை அறியாமல் சசிகலா கையிலிருந்து போனை வாங்கினார்.

"இங்க மலைக்குள்ள போவுது. உனக்கு இன்னும் தெரியுதாம்மா?"



"இருக்குதுப்பா" என்றாள் அன்பரசி. "இங்க இன்னும் இருக்குது."

"சாப்டியா?"

"இது போனதும் போறேன்ப்பா."

மலைக்குப் பின்னால் வெள்ளி மறைந்துவிட்டது. மாரப்பன் போனைப் பிடித்தபடி மேற்கையே பார்த்துக்கொண்டு நின்றார். சசிகலா சுவிட்சைப் போடக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். காடு முழுக்கச் சாமந்திச் செடிகள் இருட்டில் நின்றன.