நான் போட்ட ஓட்டைகள்

இப்போதெல்லாம் யாரும் எதிரே நின்று சண்டை போடுவதில்லை. சிரித்துக்கொண்டே கழுத்தை அறுத்துவிட்டு, “உங்க நல்லதுக்குத்தான்” என்கிறார்கள். வெளியாட்களைச் சொல்லவில்லை, என் வீட்டு ஆட்களைத்தான் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்புத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது நான். காலையில் குழாயறைச் சாவியோடு கீழே இறங்கிவிட்டால், வெயில் ஏறும்வரை நான் யாருக்கும் பாரமில்லை. அதற்காகத்தான் படுக்கையை விட்டே எழுந்திருக்கிறேன்.

மோட்டார் வைத்துத் தண்ணீர் தெளிக்கும் கருவி ஒன்று செய்யவேண்டும், பள்ளிக்கூட வேலை என்றாள் பேத்தி. தொட்டிக்குள் ஒரு குட்டி மோட்டார், அதிலிருந்து ஒரு டியூப், டியூபின் நுனியில் பிளாஸ்டிக் பாட்டில். பாட்டிலில் ஓட்டை போடும் வேலை எனக்கு. ஊசியைக் காய்ச்சிக் குத்தினேன், விரலையும் சுட்டுக்கொண்டேன். எந்தப் பாத்திக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள். குழந்தைக்கு ஆர்வம் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன், மடையன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் தோட்டத்தில் கூட்டினார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். பேத்தி சுவிட்சைப் போட்டாள். பாட்டில் சுழன்று நாலு பக்கமும் தண்ணீரை வீசியது. எல்லாரையும்விட உரக்கக் கை தட்டியவன் நான்தான்.

“இனிமே பெரியவர் நிம்மதியா ஓய்வெடுக்கலாம்” என்று செயலாளர் சாவிக்குக் கையை நீட்டினார்.

மகனைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்தான். மருமகள்தான் பக்கத்தில் வந்தாள்.

“முட்டி வலிக்குதுன்னு நீங்கதானே மாமா தினமும் முனகுறீங்க?”

“முனகினேன். வேலையை விடுறேன்னு எப்பம்மா சொன்னேன்?”

உனக்கும் தெரியுமா என்று பேத்தியைக் கேட்டேன்.

“அப்பாதான் சொல்லக்கூடாதுன்னாரு தாத்தா. உங்களுக்கு சர்ப்ரைஸாம்.”

ஆக, பள்ளிக்கூட வேலை என்பதும் பொய்.

சுவரோரச் செம்பருத்திக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போய்ச் சேரவில்லை. நான் அதைப் பார்ப்பதைப் பேத்தி பார்த்துவிட்டாள்.

“அங்க இன்னொரு பாட்டில் வச்சிடலாம் தாத்தா.”

“ஓட்டை போட வேற ஆளைப் பாத்துக்கோ.”

சாவியை மோட்டார்த் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு நடந்தேன். எல்லாம் உங்களுக்காகத்தானப்பா என்று மகன் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். எனக்காகவாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நம்பியிருப்பேன். நான் திரும்பவில்லை.