தையற்காரர் வயிற்றில் கடைசி ரகசியம்

தையற்காரருக்குப் பசி நின்றுபோன வாரத்தில், அவர் வயிற்றில் தெருவின் பாதி ரகசியங்கள் செரிக்காமல் கிடந்தன. குற்றம் குண்டூசிகளுடையது. அளவெடுக்கும்போது அவர் வாய் நிறையக் குண்டூசி இருக்கும். பதில் பேச முடியாத மனிதரைக் கண்டால் யாருக்குத்தான் நாக்கு சும்மா இருக்கும்? தோளில் டேப்பை வைத்ததுமே மனதில் கிடப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, "இதை உங்க வயித்தோட வச்சுக்குங்க" என்பார்கள். வேறு ஆளாக இருந்தால் தலையாட்டிவிட்டுப் பக்கத்துக் கடையில் போய்ச் சொல்லியிருப்பான். இவர் சொன்னபடியே வைத்துக்கொண்டார். வயிறு கல்லாக இறுகி, தன் கால்சட்டைக்கே துணி சேர்த்துத் தைக்க வேண்டியதாயிற்று.

வைத்தியர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். உள்ளே நாலைந்து பேர் கிசுகிசுத்தார்கள். "மலச்சிக்கல்னு வந்தீங்க. இது மத்தவங்களோட மனச்சிக்கல். ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான்" என்று, உலர்ந்த அத்திப்பழத்தை ஊறவைத்து வெறும் வயிற்றில் தின்னச் சொன்னார்.

கடைசியாக வந்த ரகசியம் முதலில் கரைந்தது. கரைந்ததை அதற்கு உரியவரும் மறந்துபோனார். அந்தப் பழத்தின் குணம் அப்படி. பேக்கரிக்காரர் தன் தலையில் இருப்பது ஒட்டுமுடி என்பதை மறந்து, முடிவெட்டச் சொல்லி சலூனில் போய் உட்கார்ந்தார். தபால்காரரின் மனைவி தங்கையை எதற்காக வெறுத்தோம் என்று தெரியாமல் அவளை விருந்துக்கு அழைத்தாள். தையற்காரர் இளைத்துக்கொண்டே வந்தார். மனைவி தினமும் தன் கையாலேயே பழங்களைக் கழுவி ஊறப்போட்டாள்.

அடியில் ஒன்றே ஒன்று மிஞ்சியபோதுதான் அவருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அது அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பு கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவள், "கட்டினா உங்களைத்தான் கட்டணும்னு இருக்கு. வயித்தோட வச்சுக்குங்க" என்று சொல்லியிருந்தாள். மறுவாரமே பெண் கேட்டு ஆள் அனுப்பினாரே தவிர, அதைப் பற்றி அவர் இன்றுவரை மூச்சு விட்டதில்லை. அதுவும் கரைந்துவிட்டால், இந்த மனிதரை எதற்குக் கட்டிக்கொண்டோம் என்று அவளுக்கே தெரியாமல் போய்விடும். அவளை இழக்க அவருக்குத் தைரியம் இல்லை.

"இன்னும் ஒரு வேளைதான் பாக்கி, சாப்பிடுங்க" என்று அவள் கிண்ணத்தை நீட்டினாள்.

அவர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்தார். அத்தி பூத்தாற்போல் பேசினார். "முதல்ல கேட்டது நீதான். அன்னைக்குச் சந்தோஷத்துல நான் ஒரு ஊசியை முழுங்கிட்டேன்."

"அட மனுஷா! இதைச் சொல்லவா இத்தனை வருஷம்? நானா வாய்விட்டுக் கேட்டதால, வேற வழியில்லாமக் கட்டிக்கிட்டீங்கன்னுல்ல நினைச்சிருந்தேன்!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு ஒரு பெரிய ஏப்பம் வந்தது. அதோடு வந்த குண்டூசி கிண்ணத்தில் விழுந்தது, துருப்பிடிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் குண்டூசிகளைப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்களுக்குப் பதில் பேச ஆரம்பித்தார். அதோடு ஒருவரும் அவரிடம் எந்த ரகசியமும் சொல்லவில்லை. எல்லோரும் வாயில் ஆணி வைத்துக்கொண்டு வேலை செய்யும் தச்சரிடம் போனார்கள். அடுத்த கோடைக்குள் தச்சருக்கு பெல்ட் எட்டவில்லை. தையற்காரரின் மனைவி ஒரு டப்பா நிறைய அத்திப்பழம் கொடுத்தனுப்பினாள். "ஆணி ஏதாவது முழுங்கியிருந்தா, பழம் சாப்பிடறதுக்கு முந்தி வீட்டம்மாகிட்ட சொல்லிடச் சொல்லுங்க."