ஓரணாக் காசு

முற்றத்தில் சவப்பெட்டி செய்ய ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சாரம்மாள் மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்தாள். கணவரின் தலைமாட்டில் எரிந்ததையும் விடவில்லை.

"மதினி, என்ன காரியம் செய்யுதீய?" கொழுந்தன் சத்தியநேசன் பதறினான்.

"பின்கட்டுல ஜாடி நிறையுது."

அவன் முகம் வெளுத்தது. போன வாரம் இந்த வீட்டில் ஜாடி வெடித்த சத்தம் பாளையங்கோட்டைக்கே கேட்டது.

அவள் கணவர் தேவசிகாமணி பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். தண்ணீரில் மின்சாரம் விட்டு வாயு பிரிக்கப் பிளாட்டினக் கம்பி கேட்டார். தங்கத்தைவிட விலை என்று கைவிரித்துவிட்டார்கள். மனுஷன் சும்மா இருந்தாரா? இரண்டு கம்பி நுனியிலும் ஓரணா நிக்கல் காசைக் கட்டிச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் இறக்கினார். குமிழி வந்தது. இருந்ததோ ஒரே ஜாடி. கொஞ்சம் வாயுதானே என்று இரண்டு காசையும் அதற்குள்ளேயே வைத்து, நெருப்பைக் காட்டினார். இரண்டு வாயுவும் கலந்து ஜாடி வெடித்தது. உள்ளங்கையில் ஏறிய கண்ணாடிச் சில்லு சின்னதுதான். தாடையை இறுக்கும் ஜன்னியாகி ஆளையே கொண்டுபோய்விட்டது.

பேச்சு நிற்குமுன் அவளுடைய கண்ணாடி ஊறுகாய் ஜாடிகளைக் கேட்டு, காசுக்கு ஒன்றாகக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்.

"நிறைஞ்சதும் பத்த வச்சிப் பாரு, சாரா. நல்ல வாயுன்னா பைய 'பப்'புங்கும். கலந்திருந்தா..." மீதியைத் தாடை விடவில்லை.

"அந்த ஜாடிகளை ஆத்துல வீசிருதேன் மதினி. அண்ணனைக் கொன்னது போதாதா?"

"தொடாதிரும். எல்லாரையும் தெருவுக்குக் கூட்டிட்டுப் போரும்."

அவர் ஊர் வைத்த பைத்தியக்காரர் என்ற பெயரோடு மண்ணுக்குள் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை. பயமும் இருந்தது. ஒரு மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

ஒரு ஜாடியில் பாதிதான் வாயு. மற்றது முழுக்க நிறைந்திருந்தது. அதைக் கவிழ்ந்தபடியே தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுடரை ஜாடியின் வாயருகே நீட்டினாள். தெருவில் ஜனம் பாடிய துக்கப் பாட்டு நின்றுவிட்டது.

பப்.

பிள்ளை உதட்டைப் பிரிக்கிற சத்தம்தான். சாரம்மாள் அங்கேயே உட்கார்ந்து, அவர் செத்ததிலிருந்து அடக்கியதையெல்லாம் அழுதாள்.

பெட்டியை மூடுமுன் கம்பியிலிருந்து அவிழ்த்த காசோடு வந்தாள். கட்டுப்போட்டிருந்த அவர் கையில் அதை வைத்தாள்.

உபதேசியார் முகம் சுளித்தார். "நம்ம சபையில பிணத்துக்குக் காசு வைக்கிற வழக்கம் இல்லையே, தாயி."

அவள் கணவரின் விரல்களைக் காசின்மேல் மடக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. காசிலிருந்த ஈரம் கட்டுத்துணியில் ஊறிக்கொண்டிருந்தது.