இரண்டிலும் ஒரே கீறல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றில் ஈஸ்வரிக்குப் பதினாறு வருஷமாகச் சோதனைப் பிரிவில் வேலை. மாதிரியிலிருந்து மயிரிழை மாறினாலும் போதும், உருப்படியைச் சிவப்புத் தொட்டியில் வீசிவிடுவாள். அந்தக் கண்ணை நம்பித்தான் சோழர் காலத்து வெள்ளிக்காசும் சேர்த்தாள். இரண்டாவது காசை வாங்கும்போது, முன்பே வாங்கியதோடு சேர்த்து லென்ஸில் பார்த்தாள். காசில் பொறித்த புலியின் வாலருகே இருந்த கீறல்கூட ஒத்துப்போனது. அசல்தான் என்று பூரித்துப்போனாள்.

அவளைப்போலவே காசு சேர்க்கும் நியாஸ், இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

“ரெண்டும் டூப்ளிகேட்டுக்கா. அந்தக் காலத்துல ஒவ்வொண்ணையும் கையால அடிச்சாங்க. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. கீறல் எப்டிக்கா ரெண்டுலயும் ஒரே எடத்துல வரும்? ஒரே அச்சுல ஊத்திக்கீறான்.”

ஈஸ்வரிக்கு அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. “சரிப்பா” என்று காசுகளைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போனாள்.

மேஜைக்குப் புதுத் தட்டு வந்தது. அதிலிருந்த அத்தனை உருப்படிகளும் ஒரே மாதிரி. ஒவ்வொன்றிலும் பச்சை மையால் ‘ஓகே’ போட்டாள். ஒன்று மட்டும் லேசாகக் கோணியிருந்தது.

கை தானாகவே அதைச் சிவப்புத் தொட்டியில் வீசியது. அவள் தடுக்கவில்லை.