மூன்றாவது வீட்டைக் கடைசிக்குத் தள்ளியவள்

1

இந்தக் கதை என் கற்பனையல்ல. பக்கத்து வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டு வரும் ஓட்டுநர் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது. முதல் வரியை நான்கு முறை எழுதினேன். ‘அவள் கணினி முன் உட்கார்ந்தபோது வெளியே மழை…’ (மழை நான் சேர்த்த பொய். அடித்துவிட்டேன்.)

2

சிலிண்டர் வேன் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும், எதற்குப் பிறகு எது என்று சாஃப்ட்வேரில் வரிசை போடுவது அவள் வேலை. தூரம் பார்த்து அதுவே போட்டுவிடும். வேண்டுமானால் கையால் மாற்றலாம். ஒரு செவ்வாய்க்கிழமை, புது வாடிக்கையாளராக அவள் அப்பாவின் முகவரி வந்தது. மூன்றாவது வீடு. அவருக்கு மூச்சுத் திணறல் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

அம்மா இறந்த அன்று அவள் வந்து சேர நேரமாகிவிட்டது. “இவ்வளவு லேட்டா வந்தவ இனிமே வரவே வேண்டாம்” என்றார் அப்பா, எல்லார் முன்னாலும். ஆறு வருடமாகிறது.

அப்பாவின் வீட்டைத் திரையில் கடைசி இடத்துக்கு இழுத்து, வரிசை மாறாதபடி பூட்டினாள்.

(பழிவாங்குகிறாள் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.)

3

“எட்டு கிலோமீட்டர் சுத்து மேடம்” என்றார் ஓட்டுநர்.

“தெரியும்ணே. அதுக்கப்புறம் உங்களுக்கு வேற வீடு இல்லல்ல? கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டு வாங்க.”

வாராவாரம் பேசிவிட்டு வந்தார். அப்பா தாடி வழித்திருந்தாரா, சட்டை கசங்கியிருந்ததா, சிரித்தாரா என்று துருவித் துருவிக் கேட்பாள். கேட்டுவிட்டு அவள் கண்கள்… (வேண்டாம். கேட்டாள், அவ்வளவுதான்.)

4

மேலாளர் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து சாஃப்ட்வேர் போடும் வரிசைதான் என்று சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்த ஒரே செவ்வாய்க்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். அப்பா வீட்டு வாசலில் வேன் நின்றது. அவள் இறங்கவில்லை.

உள்ளே ஓட்டுநர் சிலிண்டரை மாற்றிக்கொண்டிருந்தார். அப்பா ஜன்னல் வழியே பார்த்தார்.

“வண்டில யாரு?”

ஓட்டுநர் சிலிண்டரைப் பார்த்தபடியே சொன்னார்: “வரிசை போடுறவங்க சார்.”

அப்பா வெகுநேரம் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

“அவள ஏன்யா வெயில்ல உக்கார வச்சிருக்கே?”

5

ஓட்டுநர் வேனுக்குப் போய் அதை அப்படியே அவளிடம் சொன்னார். அதற்கு மேல் என்னிடம் சொல்ல வாயெடுத்தவரை, “போதும்ணே” என்று நானே நிறுத்திவிட்டேன்.

அவள் இறங்கிப் போவதாக ஒரு முடிவு எழுதினேன். அழகாக இருந்தது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. வேனைக் கிளப்பச் சொல்வதாக இன்னொன்று எழுதினேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேன் கதவின் பிடியில் அவள் கை இருக்கிறது. அங்கிருந்து வாசலுக்குப் பன்னிரண்டு அடி. என்னால் இவ்வளவுதான் முடிந்தது. நீங்கள் கொஞ்சம் அவள் கூடப் போங்கள்.